ரெண்டா வெட்டின எஸ்டிமேட்

போன மாசம் ஒரு மத்தியானம் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. என் சீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற ஓவர்சியர் பிள்ளை. குத்துக்கல்வலசையைத் தாண்டி ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஸ்மார்ட் வகுப்பறை கட்டணுமாம். பொதுமக்கள் ஒரு பங்கு போட்டாத்தான் அரசாங்கம் மீதியைப் போடும்னு ஊர்ல கூட்டம் கூட்டியிருக்காங்க. அதுக்காக அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்திருக்கா. "மேடம், ஒரே வேலைக்கு ரெண்டு எஸ்டிமேட் இருக்கு. பகுதி அ, பகுதி ஆ. நடுவுல ரெண்டு வருசத்துக்கு மேல இடைவெளி. ஏன் மேடம்?"னு கேட்டா.

"அப்ப நிதி பத்தலம்மா"ன்னு சொல்லி வச்சுட்டேன். சொன்னது பொய் இல்ல. ஆனா முழுசும் இல்ல. முழுசையும் போன்ல சொல்ல வாய் வரல, அதான் உக்காந்து எழுதுதேன். எனக்கு இழுத்து இழுத்துச் சொல்ல வராது. முப்பத்திரண்டு வருசம் நீளம், அகலம், உயரம்னு எழுதின கை இது.

படிச்ச காலத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் பெருசா இல்ல. பாலிடெக்னிக்ல சிவில். எங்க செட்டுல பொம்பளப் பிள்ளைக நாலு பேரு. மத்த மூணு பேரும் கல்யாணம் முடிஞ்சு போயிட்டாங்க, நான் ஒன்றிய ஆபீஸ்ல ஓவர்சியரா வந்து சேர்ந்தேன். அந்த ஆபீஸ்ல முதல் பொம்பள ஓவர்சியர் நான்தான். வந்த புதுசுல கொத்தனாருங்க என்கிட்ட பேச மாட்டாங்க. என் பின்னால நிக்கிற பியூன்கிட்டத்தான் பேசுவாங்க. ரெண்டு செவரை இடிக்க வச்ச பிறகுதான் என் மூஞ்சியைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சாங்க.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒண்ணு இருந்துச்சு. ரோடு போடுத இடத்துலயும் பாலம் கட்டுத இடத்துலயும் ஆம்பளைக்கு ஒரு மரம் போதும். நான் என்ன செய்ய? சைட்டுக்குப் போற அன்னிக்குக் காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டேன். வேகாத வெயில்ல நின்னு சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான் செம்போட கவுத்துவேன். அதுல ஒண்ணுக்குப் போற இடத்துல எரிச்சல், குளிர்காய்ச்சல், ஆஸ்பத்திரின்னு மூணு தடவை படுத்திருக்கேன். டாக்டரம்மா திட்டாத திட்டு இல்ல. இதை ஏன் வெக்கத்தை விட்டு எழுதுதேன்னா, நான் பண்ணின தப்பு தெரியாமப் பண்ணினது இல்லன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்.

எங்க ஏ.இ., அதான் உதவிப் பொறியாளர், ராமசுப்பு சார். ஒல்லியா, உயரமா, எந்நேரமும் ரப்பர் செருப்போட இருப்பார். சைட்டுல ஒரு வாய் டீ வாங்கிக் குடிக்க மாட்டார். செங்கல் லோடு வந்து இறங்கினா ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லுமேல தட்டி, காதைச் சாய்ச்சுக் கேப்பார். சத்தம் கணீர்னு வரலைன்னா லோடு திரும்பிரும். மணலை உள்ளங்கையில எடுத்துத் தண்ணி விட்டுப் பிசைவார். கையில சேறு ஒட்டினா அதுவும் திரும்பிரும். யாரையும் ஏசி நான் பார்த்ததில்ல. பூச்சு மோசமா இருந்தா கொத்தனாரைக் கூப்பிட்டு, "இந்த வீட்டுல நீரு ஒரு மழைக்காலம் குடியிருப்பீரா?"ன்னு மட்டும் கேப்பார். அதுக்கு மேல பேச்சு கிடையாது.

அளவுப் புத்தகத்தைப் பார்க்கையில கையில ஒரு சிவப்பு பென்சில் இருக்கும். சந்தேகமான எண்ணு பக்கத்துல ஒரு புள்ளி வைப்பார். ஒரு பக்கத்துல மூணு புள்ளி விழுந்துட்டா நான் டேப்பைத் தூக்கிட்டு மறுபடியும் சைட்டுக்குப் போகணும். புளியறைப் பக்கம் ஒரு சின்னக் கல்வெர்ட்டுப் பாலத்துக்கு நாலு தடவை போயிருக்கேன், சாரல்ல நனைஞ்சுக்கிட்டே. எஸ்டிமேட்ல முதல் பக்கத்துல எத்தனை பேரு உபயோகிக்கப் போறாங்கன்னு எழுதாம கொண்டு போனா தொடக்கூட மாட்டார். ஆளைக் கணக்கெடுத்துட்டு வாங்க, அதுக்கப்புறம் செங்கலைக் கணக்கெடுப்போம்பார்.

இனி அந்தப் பள்ளிக்கூடம். ஊர்ப் பேரைச் சொல்லல, அங்க உள்ளவங்க இன்னும் இருக்காங்க. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஒன்றியப் பள்ளி. முதல்ல நான் பார்க்கையில சுத்தி மூணு பக்கமும் வயல்தான். பிறகு வயலை மட்டம் பண்ணி, கல்லு நட்டு, மனை போட ஆரம்பிச்சாங்க. நகர், எக்ஸ்டென்ஷன்னு பேரு வச்சு வருசத்துக்கு இருபது முப்பது வீடு எழும்புச்சு. கட்டட வேலைக்கு வந்த குடும்பங்க, பீடி சுத்துத குடும்பங்க எல்லாம் அங்கனயே வாடகைக்குத் தங்கவும் பள்ளிக்கூடத்துல பிள்ளைக கூடிப் போச்சு. ரெண்டு வகுப்பு வராண்டாவுல நடந்துச்சு. கக்கூஸ்னு ஒண்ணு இருந்துச்சு, மேற்கூரை விழுந்து பூட்டிக் கிடந்துச்சு. பயலுக செவரோரம் போயிருவானுக. பொட்டப் பிள்ளைக பின்னால உள்ள வயலுக்கு, வரப்பு மறைவுக்குப் போகும்.

ரெண்டு வகுப்பறை, அதோட பொட்டப் பிள்ளைகளுக்கு மூணு கழிப்பறை, தண்ணித் தொட்டின்னு ஒரே எஸ்டிமேட்டா நான்தான் போட்டேன். ஆறு, ஏழு, எட்டுல முப்பத்தெட்டுப் பொட்டப் பிள்ளைக, அதுக்கு மூணு கதவு. மூணுல ஒரு பங்கு ஊர் போடணும். அதுக்குப் பள்ளிக்கூடத்துலயே கூட்டம் போட்டோம்.

கூட்டத்துல ஆளுக்கொரு பேச்சு. நகர்க்காரங்க சங்கத் தலைவர், ரிட்டையர்டு பேங்க் மேனேஜர், வீட்டு வரி கட்டுதோம், எங்க பிள்ளைக வேன்ல வேற ஸ்கூலுக்குப் போகுது, நாங்க ஏன் போடணும்னார். ஆனா பள்ளி மைதானத்தைக் காலையில நடக்கத் திறந்து விடணும்னும் கேட்டார். பழைய விவசாயிக, சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் கட்டட்டும்னாங்க. கடைசியில சங்கரலிங்கம் அண்ணாச்சி எந்திரிச்சார். பள்ளிக்கூட நிலமே அவர் அப்பா எழுதிக் கொடுத்தது. ஊர்ப் பங்கு முழுசையும் நானே போடுதேன், வகுப்பறை முகப்புல ரோட்டைப் பார்க்க எங்க அப்பா பேருல கல்லு வைக்கணும்னார். எல்லாரும் கை தட்டினாங்க. கழிப்பறையும் அதே எஸ்டிமேட்ல இருக்குன்னு நான் சொன்னேன். அது இருந்துட்டுப் போகட்டும்மா, ஆனா அந்தப் பக்கம் அப்பா பேரு ஒரு எழுத்துகூட வரக்கூடாதுன்னார்.

நம்ம ஊர்ல ட்யூப்லைட்டுல இருந்து தண்ணிப் பானை வரைக்கும் உபயம் இன்னார்னு எழுதாம யாரும் ஒண்ணும் கொடுக்க மாட்டாங்க. கொடுக்கிறவங்களைக் குத்தம் சொல்லல. பேரு நிக்கணும்னுதான் கொடுக்காங்க. ஆனா பேரு எழுத முடியாத இடத்துக்கு அதனாலயே பணம் வராது. இது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ஒரே எஸ்டிமேட்டாப் போட்டேன்.

கூட்டம் கலையப் போகையில பின்னால இருந்து ஒரு பொம்பள எந்திரிச்சா. முப்பிடாதி. பீடி சுத்துதவ, புருசன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டு வாரவன். மக சுகன்யா ஏழாம் வகுப்பு. எங்ககிட்ட ரூவா இல்ல, பீடி சுத்துத பொம்பளைக பத்துப் பேரு மண்ணு சுமக்க, கல்லு சுமக்க வாரோம், ஆனா முதல்ல கக்கூஸைக் கட்டுங்கன்னு சொன்னா. உழைப்பை ஊர்ப் பங்கா எழுத எங்க ஃபைல்ல இடம் இல்லன்னு நான் பதில் சொன்னேன். யாரோ சிரிச்சாங்க. அவ உக்காரல.

"பாடத்தை வராண்டாவுலகூடப் படிச்சுக்கிடும். ஒதுங்குததுக்கு எங்கன போவும் பிள்ளைக? வயலை எல்லாம் வித்துட்டியளே"ன்னா.

எல்லாம் சேர்ந்துதான் வருது, நீ உக்காரும்மான்னு நான்தான் அவளை உக்கார வச்சேன்.

அஸ்திவாரம் தோண்டினோம். சொன்னா நம்ப மாட்டீங்க, மூணு அடியில முடியுதது ஆறு அடிக்குப் போயும் கெட்டி மண்ணு வரல. வயல் மண்ணு, பக்கத்து வாய்க்கால் ஊத்து வேற. தோண்டத் தோண்டத் தண்ணி. மணல் நிரப்பி, அடியில கான்கிரீட் மெத்தை போடாம கட்டடம் நிக்காதுன்னு ஆயிருச்சு. செலவு எகிறிருச்சு. மார்ச்சுக்குள்ள முடிச்சுப் பில் போடலைன்னா வந்த பணமும் திரும்பிரும்.

மூணு வழி இருந்துச்சு. ஒரு வகுப்பறையைக் குறைக்கணும், இல்ல ஊர்கிட்டத் திரும்பவும் கேக்கணும், இல்ல கழிப்பறையைத் தனியா வெட்டி எடுத்து அடுத்த நிதிக்குத் தள்ளணும். ஒரு வகுப்பறையைக் குறைப்போம்னு அண்ணாச்சிகிட்டப் போனேன். வீட்டு வாசல்ல கல்லு வெட்டித் தயாரா சாத்தி வச்சிருக்கார். கருங்கல்லுல தங்க எழுத்து. அந்தக் கட்டடத்துலயே முதல்ல முடிஞ்சது அந்தக் கல்லுதான். மேல ரெண்டு வகுப்பறைன்னு எண்ணிக்கையோட பொறிச்சிருந்தாங்க. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கேக்க வாய் வரல. டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். அவர் மேல எனக்கு இன்னிக்கும் கோபம் இல்ல. சொன்ன பணத்தைச் சொன்ன தேதியில கொடுத்த மனுசன். நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, நான்தான் கேக்கவே இல்ல.

ஆபீசுக்கு வந்து எஸ்டிமேட்டை ரெண்டா வெட்டினேன். பகுதி அ வகுப்பறை. பகுதி ஆ கழிப்பறை. ராமசுப்பு சார் மேசையில வச்சேன். அவர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தார். சிவப்பு பென்சிலை எடுத்தார், புள்ளி வைக்காம கீழ வச்சுட்டார்.

"சேர்ந்து இருக்கிற வரைக்கும் இது அண்ணாச்சி தோள்ல ஏறி வந்துரும். தனியா விட்டா இதுக்கு யாரும்மா வருவா?"ன்னு கேட்டார்.

"மூணு மாசத்துல நான் வாங்கிருவேன் சார்"ன்னேன்.

"உங்க பொறுப்பா?"

"என் பொறுப்பு சார்."

கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்னிக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. மார்ச்சுக்குள்ள கட்டடம் முடிச்ச ஓவர்சியர்னு பேரு வாங்கணும்னு ஆசை. இப்ப யோசிச்சா, எனக்கும் ஒரு பேருதான் தேவைப்பட்டிருக்கு.

திறப்பு விழா நல்லா நடந்துச்சு. முப்பிடாதி கூட்டத்துல நின்னா. என்னைப் பார்த்தா. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மூணு மாசத்துல வாங்கிருவேன்னு சொன்னேன்ல? அண்ணாச்சிகிட்டப் போனேன். ரோட்டு மேல ஒரு அலங்கார வளைவு கட்டணும்னா சொல்லுங்க, செய்யுதேன்னார். நகர்ச் சங்கத்துக்குப் போனேன். அவங்க என்கிட்ட ஒரு மனுவைக் கொடுத்தாங்க. பள்ளிப் பிள்ளைக எங்க காம்பவுண்டுக்குப் பின்னால வந்து அசுத்தம் பண்ணுது, நடவடிக்கை எடுக்கணும்னு அதுல இருந்துச்சு. கேமரா வைக்கப் பணம் தாரோம்னாங்க. பொட்டப் பிள்ளைக ஒதுங்குத இடத்துக்குக் கேமரா! அன்னிக்கு நான் போட்ட சண்டையில சங்கத்துக் கதவே அடைச்சுக்கிடுச்சு. கத்தினதோட சரி. கையில வந்தது ஒண்ணும் இல்ல.

அதுக்குள்ள மழை வந்துச்சு, ரோடுக அரிச்சுப் போச்சு. வீரகேரளம்புதூர்ப் பக்கமும் சேர்த்து வேலை பார்க்கச் சொன்னாங்க. ராமசுப்பு சார் ரிட்டையர் ஆனார். கிளம்புத அன்னிக்கு மேசையைக் காலி பண்ணிக்கிட்டே, "அந்தப் பகுதி ஆ என்னாச்சும்மா?"ன்னு கேட்டார். பார்த்துக்கிட்டு இருக்கேன் சார்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர் ஏசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். அப்பல்லாம் எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. வேலை பார்க்குத ஊர்ல எல்லாம் ஓவர்சியரம்மா வாங்கன்னு நல்ல வீடா பார்த்துக் கதவைத் திறந்து விடுவாங்க. அந்த நகர்லயே நாலு வீட்டுப் பாத்ரூம் எனக்குப் பழக்கம். தண்ணி குடிக்காமக் கிடந்த நாளெல்லாம் மறந்தே போச்சு. படுபாவி, நான் மறக்கலாமா?

ரெண்டு வருசம் கழிச்சு எந்தப் புண்ணியவான் கையெழுத்தோ, கழிப்பறைக்குன்னு தனியா முழு அரசு நிதி வந்துச்சு, ஊர்ப் பங்கு வேண்டாம்னு. ஓடிப் போய்ப் பகுதி ஆவைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் பக்கத்துல புது வருசத்து எண்ணிக்கையை எழுதணும். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட ஆறு, ஏழு, எட்டுல பொட்டப் பிள்ளைக எத்தனைன்னு கேட்டேன்.

"பதினொண்ணு மேடம்"ன்னாங்க.

நான் தப்பாச் சொல்லுதாங்கன்னு நினைச்சு ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துல மொத்தப் பிள்ளைக முன்னைவிடக் கூட. மேல் வகுப்புல பொட்டப் பிள்ளைக மட்டும் வரிசையா டி.சி. வாங்கியிருக்கு. கொஞ்சம் வசதி உள்ளவங்க பஸ்ல தென்காசி டவுன் பள்ளிக்கு அனுப்பியிருக்காங்க. மத்தது வீட்டுல நின்னுருச்சு. கடைசி மனையும் வித்து வேலி போட்ட பிறகு பிள்ளைக மெயின் ரோட்டைக் கடந்து குளத்தங்கரைக்குப் போயிருக்கு. அங்கன குடிச்சுட்டுக் கிடக்கிறவனுக தொந்தரவு. வயசுக்கு வந்த பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவா? ரிஜிஸ்டர்ல நீங்கிய காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே காரணம், பெற்றோர் விருப்பம். அதுல சுகன்யா பேரும் இருந்துச்சு. திறப்பு விழா நடந்த அதே வருசம்.

புதுசா வந்த ஏ.இ. சின்ன வயசுக்காரர், நல்லவர்தான். பதினொண்ணுக்கு ஒரு கழிப்பறைதான் மேடம் வரும், மூணு போட்டா ஆடிட்ல மாட்டுவோம், எண்ணிக்கை கூடினா பார்ப்போம்னார். கழிப்பறை இல்லாமத்தான் சார் எண்ணிக்கை குறைஞ்சதுன்னு சொன்னேன். அதை எந்தக் கட்டத்துல எழுதணும்னு கேட்டார்.

அன்னிக்குச் சாயந்திரமே முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். படிப்பை விட்டு நின்ன பிள்ளைக நாலஞ்சு பேரு திரும்பி வந்து பேரைப் போட்டாலும் ரெண்டு கதவு வாங்கிரலாம்னு எண்ணம். அவ மடியில தட்டத்தை வச்சுப் பீடி சுத்திக்கிட்டு இருந்தா. எதிர்ல சுகன்யா. அவ மடியிலயும் ஒரு தட்டம். வளர்ந்துட்டா. அவ கை அம்மா கையைவிட வேகமா ஓடுச்சு, இலையைப் பார்க்காமலே.

கழிப்பறை வரப் போகுது, தண்ணியோட, தாழ்ப்பாளோட, மகளைத் திரும்ப அனுப்பும்மான்னு சொன்னேன். எத்தனை கட்டுதீங்கன்னு கேட்டா. ஒண்ணு, பிள்ளைக வந்து சேர்ந்தா ரெண்டாகும்னு உள்ளதைச் சொன்னேன். முப்பிடாதி சுத்துத கையை நிறுத்தினா.

"எம் மக வேணும்னு வந்தீங்களா, கணக்குக்கு ஆளு வேணும்னு வந்தீங்களா?"

கேட்டுட்டு அவ மறுபடியும் சுத்த ஆரம்பிச்சா.

சுகன்யா மட்டும் என்னைப் பார்த்தா. "நான் போனா எட்டுலயா மேடம் உக்காரணும்? எங்கூடப் படிச்சவளுக எல்லாம் பத்துக்குப் போயிட்டாளுகளே"ன்னா. குறையாச் சொல்லல, விவரம் கேக்குத மாதிரிதான் கேட்டா. பிறகு குனிஞ்சு அடுத்த இலையை எடுத்துக்கிட்டா.

வெளிய வந்து ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணாமலே நின்னேன். ஒரு பாவமும் அறியாத பிள்ளை. நான் ஒரு பேப்பரை ரெண்டா வெட்டினதுக்கு அது படிப்பை விட்டுட்டு உக்காந்திருக்கு.

பகுதி ஆவுல முதல் பக்கத்துல பதினொண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கழிப்பறை கட்டினோம். நல்லாத்தான் கட்டினேன், செங்கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். அது வந்ததும் அடுத்த வருசமே பொட்டப் பிள்ளைக மறுபடியும் வந்து சேர ஆரம்பிச்சுருச்சு. நின்னு போனதுகளோட தங்கச்சிக. இன்டர்வெல் விட்டா அந்த ஒரு கதவுக்கு முன்னால வரிசை நிக்கும். பெல் அடிச்சதும் பாதிப் பிள்ளைக போகாமலே வகுப்புக்குத் திரும்பிரும். நான் பார்த்திருக்கேன். கூடுதலா கட்ட எழுதினேன், ஒரு தடவை கொடுத்த பள்ளிக்கு மறுபடி இல்லன்னு வந்துச்சு.

என் ரிட்டையர்மென்ட் விழாவுல எங்க ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. பேசினார். சர்வீஸ் முழுக்க ஒரு பொய் எண்ணுகூட எழுதாத கைன்னு என் கையைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கை தட்டினாங்க. மாலையோட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அவர் சொன்னது நிஜம்தான். அந்தப் பதினொண்ணை மட்டும் நான் முப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கணும்.